சொந்தமாக எழுதும் கர்னல் ஹார்டு டிஸ்கை எந்த வழியில் படிக்க வேண்டும்?

சொந்தமாக ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பூட் ஆகிவிட்டது. திரையில் எழுத்து வருகிறது. கீபோர்டு இன்டரப்டும் பிடிபட்டுவிட்டது. அடுத்து ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும், அதற்கு டிஸ்கைப் படித்தாக வேண்டும். தேடிப் பார்த்தால் ஐந்தாறு வழிகள் கண்ணில் படும். ஒருவர் பயாஸைக் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க சாஃப்ட்வேர்) கூப்பிடு என்கிறார், இன்னொருவர் போர்ட்டில் (சிபியூ ஹார்டுவேரோடு பேசும் எண்ணிட்ட வாசல்) நேரடியாக எழுது என்கிறார், மற்றொருவர் அதெல்லாம் பழைய கதை, ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்குகளுக்கான முறை) எழுது என்கிறார். எல்லாமே சரியான பதில்தான். ஆனால் வேறு வேறு கேள்விகளுக்கு.

இந்த வழிகளில் முக்கால்வாசியை நானே எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் வீட்டு கம்ப்யூட்டரின் டிஸ்கிலேயே கை வைத்துவிட்டேன், அதையும் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் போர்ட் வழிதான், அதுவும் எமுலேட்டருக்குள் (கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம்). நிஜ மெஷினில் ஓட வேண்டும் என்றால் போர்ட் வழியை நம்பி இறங்காதீர்கள். ஏன் என்பதுதான் கட்டுரை.

ஒரு குறிப்பு. போர்ட் எண்கள், கமாண்டு எண்கள், மெமரி முகவரி, ரெஜிஸ்டரில் போடும் மதிப்பு, பயாஸ் தரும் டிஸ்க் எண் ஆகியவற்றை ஹெக்ஸாடெசிமலில் தருகிறேன். ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். 1எஃப்0 என்றால் பதின்ம எண்ணில் 496. செக்டார், இன்டரப்ட் 14 போன்ற மற்ற எண்கள் வழக்கமான பதின்ம எண்களே.

பயாஸ்: முதல் படிக்கு மட்டும்

பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கம்ப்யூட்டர், டிஸ்கின் முதல் 512 பைட்டை (ஒரு செக்டார்) மெமரியில் 7சி00 என்ற இடத்தில் ஏற்றி, கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்று இருந்தால் அங்கே தாவும். அந்த 512 பைட்டுக்குள் டிஸ்க் டிரைவர் எழுத இடம் கிடையாது. எழுதவும் தேவையில்லை, பயாஸே இன்டரப்ட் 13 (ஹெக்ஸ்) என்ற சேவையை வைத்திருக்கிறது. ஏஎச் ரெஜிஸ்டரில் 42, டிஎல்-இல் டிஸ்க் எண், எஸ்ஐ-இல் 16 பைட் கொண்ட ஒரு சின்ன பாக்கெட்டின் முகவரி. எந்த செக்டாரிலிருந்து, எத்தனை, எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதெல்லாம் அந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும். கூப்பிட்டால் டேட்டா வந்துவிடும். டிஸ்க் ஐடிஇ-யா, சாட்டாவா, யூஎஸ்பி பென் டிரைவா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இந்த வழியின் பெரிய பலம் இதுதான்.

ஏஎச்-இல் 02 போட்டுப் படிக்கும் பழைய முறையைத் தொட வேண்டாம். சிலிண்டர், ஹெட், செக்டார் என்று கணக்குப் போட வேண்டும், எல்லையும் ஏறத்தாழ 8.4 ஜிபி தான். பழைய பாடங்களில் இன்னும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஃப்ளாப்பி இமேஜில் பூட் செய்யாதவரை அதற்கு வேலை இல்லை.

பலவீனம் எங்கே என்றால், இந்தச் சேவை ரியல் மோடில்தான் (சிபியூ தொடங்கும் பழைய 16 பிட் நிலை) ஓடும். கர்னல் 32 பிட் புரொடெக்டட் மோடுக்குப் போன அடுத்த கணம் அதைக் கூப்பிட முடியாது. கூப்பிட வேண்டும் என்றால் மறுபடியும் ரியல் மோடுக்கு இறங்கி, படித்து, முதல் 1 எம்பி-க்குள் வைத்து, மேலே ஏறி, காப்பி செய்ய வேண்டும். ஒரு ஃபைலுக்கு நூறு தடவை ஏறி இறங்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. 64 பிட் லாங் மோடில் விர்ச்சுவல் 8086 வசதியும் கிடையாது என்பதால் நிலைமை இன்னும் மோசம். அதோடு பயாஸே போய்க்கொண்டிருக்கிறது. 2020-க்குள் பழைய பயாஸ் ஆதரவை நிறுத்தப் போவதாக இண்டெல் 2017-இல் அறிவித்தது. பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ-யில் இதற்கு ஈடாக பிளாக் ஐஓ என்ற சேவை இருக்கிறது, பயன்படுத்தவும் எளிது. ஆனால் கர்னல் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும்போது பூட் சேவைகளை மூடச் சொல்லி ஒரு அழைப்பு கொடுக்கிறீர்கள் அல்லவா, அத்தோடு அதுவும் போய்விடும்.

ஆகவே பூட் லோடருக்கு பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கர்னலுக்கு அது வழி இல்லை.

போர்ட் வழி

1984-இல் ஐபிஎம் பிசி/ஏடி வந்தபோது அதன் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் தனி அட்டையாக இருந்தது, வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்தது. சிபியூ அந்த அட்டையோடு பேச 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை எட்டு போர்ட்டுகள். இரண்டு வருடம் கழித்து ஐடிஇ வந்தபோது கன்ட்ரோலர் டிஸ்கின் மேலேயே ஏறிவிட்டது, ஆனால் ஏற்கெனவே எழுதிய சாஃப்ட்வேர் ஓட வேண்டுமே என்று அந்த எட்டு போர்ட்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1994-இல் ஏடிஏ என்று தரமாக வெளியானபோதும் அதே ரெஜிஸ்டர்கள்தான். 1991 ஆகஸ்டில் லினஸ் டார்வால்ட்ஸ் தன் புது கர்னலைப் பற்றி முதன்முதலாக அறிவித்தபோது, ஏடி ஹார்டு டிஸ்க் தவிர வேறு எதற்கும் இதில் ஆதரவு வராது போலிருக்கிறது, என்னிடம் இருப்பது அதுதான் என்ற பொருளில் எழுதினார். அவர் சொன்ன அந்த டிஸ்கும் இதே 1எஃப்0-வில் இருந்ததுதான். இன்றைக்கு நீங்கள் கியூஎமு எமுலேட்டரை எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் ஓட்டினாலும் அதே எட்டு போர்ட்டுகள் பதில் சொல்லும்.

ஒரு செக்டாரைப் படிப்பது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். 2048-ஆவது செக்டார் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்ஸில் 800.

முதலில் 1எஃப்7-ஐப் படிக்க வேண்டும். அதுதான் ஸ்டேட்டஸ். அதன் மேல் பிட் (பிட் 7) 1 என்றால் டிஸ்க் வேறு வேலையில் இருக்கிறது, 0 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் 1எஃப்6-இல் இ0 எழுத வேண்டும். இந்த ஒரு பைட்டில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன: பிட் 6 எல்பிஏ முறை (செக்டார்களை 0, 1, 2 என்று வரிசையாக எண்ணுவது) என்கிறது, பிட் 4 கேபிளில் இருக்கும் இரண்டு டிஸ்கில் எது என்று சொல்கிறது (0 மாஸ்டர், 1 ஸ்லேவ்), கீழ் நான்கு பிட் செக்டார் எண்ணின் உச்சியில் இருக்கும் நான்கு பிட். டிஸ்கைத் தேர்ந்தெடுத்த பிறகு அது ஸ்டேட்டஸைச் சரியாகக் காட்ட 400 நானோ நொடி அவகாசம் தர வேண்டும். இதற்கு டைமர் எல்லாம் வேண்டாம். 3எஃப்6 போர்ட்டில் இருக்கும் மாற்று ஸ்டேட்டஸை நான்கு முறை படித்துக் கீழே போட்டுவிடுவது வழக்கம், ஒரு போர்ட் வாசிப்பு ஏறத்தாழ 100 நானோ நொடி பிடிக்கும் என்ற கணக்கு. நிஜ டிஸ்கில் இன்னும் பத்து தடவை கூடுதலாகப் படித்தாலும் நஷ்டமில்லை.

அடுத்து 1எஃப்2-இல் 1, அதாவது ஒரு செக்டார். 1எஃப்3-இல் 00, 1எஃப்4-இல் 08, 1எஃப்5-இல் 00. மூன்றையும் சேர்த்தால் 800. கடைசியாக 1எஃப்7-இல் 20 எழுதினால், படி என்ற கமாண்டு. எழுதினால் கமாண்டு, படித்தால் ஸ்டேட்டஸ். ஒரே போர்ட்டுக்கு இரண்டு முகம். இனி மறுபடியும் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிஸி பிட் இறங்கி, பிட் 3 ஏறினால் டேட்டா தயார். பிட் 0 அல்லது பிட் 5 ஏறினால் பிழை. தயார் என்றதும் 1எஃப்0-விலிருந்து 16 பிட்டாக 256 தடவை படித்தால் 512 பைட் கையில் வந்துவிடும்.

அவ்வளவுதான். சி-யில் எழுதினால் நாற்பது வரி தாண்டாது. மெமரி ஒதுக்கீடு வேண்டாம், பிசிஐ (அட்டைகளும் கன்ட்ரோலர்களும் இணையும் பஸ்) தேடல் வேண்டாம், பேஜிங் பற்றிக் கவலை வேண்டாம், இன்டரப்ட் கூட வேண்டாம். ஒரு ஹார்டுவேரிடம் நாமே கேட்டு, அது பதில் சொல்லி, டேட்டா நம் கைக்கு வருவதை ஒவ்வொரு பைட்டாகப் பார்க்கலாம். எம்ஐடி-யில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 கர்னலின் எக்ஸ்86 பதிப்பு, பூட் லோடரிலும் சரி கர்னலிலும் சரி, இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. படிக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

குறை வேகத்தில். சிபியூவே போர்ட் வழியாக டேட்டாவை நகர்த்தும் இந்த பிஐஓ முறையின் உச்சமான மோடு 4-இல் ஒரு சுற்று 120 நானோ நொடி, ஒரு சுற்றுக்கு 2 பைட். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 16.7 எம்பி. மோடு 0-வில் சுற்றுக்கு 600 நானோ நொடி, அதனால் 3.3 எம்பி. அதைவிடப் பெரிய நஷ்டம் சிபியூ அந்த நேரம் முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருப்பது. காத்திருக்கும் நேரமும் இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்கில் வேண்டிய செக்டார் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக 4.17 மில்லி நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியூ அதற்குள் ஒன்றேகால் கோடி சுற்று ஓடிவிடும். போலிங் (இப்படிக் கேட்டுக்கொண்டே காத்திருப்பது) என்றால் அந்த ஒன்றேகால் கோடியும் ஸ்டேட்டஸைக் கேட்டுக்கேட்டே தீர்ந்துவிடும்.

இன்டரப்ட் 14-ஐப் பயன்படுத்தினால் காத்திருப்பு மிச்சமாகும். அதில் ஒரு கண்ணி. 1எஃப்7-ஐப் படித்தால்தான் டிஸ்க் தன் இன்டரப்டை இறக்கும், 3எஃப்6-ஐப் படித்தால் இறக்காது. இரண்டும் ஒரே ஸ்டேட்டஸைத்தானே காட்டுகின்றன என்று நினைத்து, ஹேண்ட்லரில் 3எஃப்6-ஐ மட்டும் படித்துவிட்டு அடுத்த இன்டரப்டுக்காக ஒரு இரவு முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். வரவே இல்லை.

28 பிட் எல்பிஏ-யில் ஒரு எல்லையும் இருக்கிறது: 2-இன் 28-ஆவது அடுக்கு செக்டார், அதாவது 137 ஜிபி. அதற்கு மேல் வேண்டும் என்றால் 1எஃப்2 முதல் 1எஃப்5 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை எழுதி, 20-க்குப் பதில் 24 என்ற கமாண்டைத் தர வேண்டும். பத்து நிமிட வேலை.

பென் டிரைவில் பூட் செய்த அன்று

எமுலேட்டரில் எல்லாம் ஓடியது என்ற சந்தோஷத்தில் ஒரு நாள் என் கர்னலைப் பென் டிரைவில் ஏற்றி வீட்டில் இருந்த பழைய டெஸ்க்டாப்பில் பூட் செய்தேன். அதில் விண்டோஸ் 7 இருந்தது. வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான். பயாஸ் செட்டிங்கில் சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்ததால் போர்ட் வழி வேலை செய்யும் என்று தெரியும்.

பூட் லோடர் பயாஸ் வழியாகப் படித்தது. எதிலிருந்து பூட் ஆனதோ அதை பயாஸ் முதல் ஹார்டு டிஸ்க் என்று கொடுத்தது, அதாவது 80 என்ற எண்ணில் பென் டிரைவ். கர்னல் சரியாக ஏறியது. அதன் பிறகு கர்னல் தன் போர்ட் டிரைவரால் முதல் டிஸ்கின் 2048-ஆவது செக்டாரில் ஒரு சோதனை டேட்டாவை எழுதி, மறுபடி படித்து, சரிபார்த்து, திரையில் பச்சையில் வெற்றி என்று போட்டது.

போர்ட் வழிக்குப் பென் டிரைவ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது யூஎஸ்பி கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது. 1எஃப்0-வில் பதில் சொன்னது டெஸ்க்டாப்பின் உள்ளே இருந்த டிஸ்க். 2048 என்பது விண்டோஸ் தன் முதல் பார்ட்டிஷனை ஆரம்பிக்கும் செக்டார். அன்று மாலை விண்டோஸ் ஏறவில்லை.

விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாரின் பிரதி ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். அதனால்தான் மீட்க முடிந்தது. படங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. பயாஸ் சொல்லும் முதல் டிஸ்கும் போர்ட் சொல்லும் முதல் டிஸ்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வழிகளையும் ஒரே கர்னலில் கலக்கும் எல்லோரும் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், இதைச் சொல்லத்தான் பாதிக் கட்டுரை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

லினக்ஸுக்குள் இருந்துகொண்டே போர்ட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஐஓபெர்ம் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது, ரூட் அனுமதி இருந்தால் சாதாரண புரோகிராமிலிருந்தே இன், அவுட் கட்டளைகள் ஓடும். தயவுசெய்து வேண்டாம். கர்னலின் டிரைவரும் அதே ரெஜிஸ்டர்களில் எழுதிக்கொண்டிருக்கும். நீங்கள் செக்டார் எண்ணை வைத்துக் கமாண்டு எழுதுவதற்குள் அது வேறு எண்ணை வைத்திருந்தால், யாருடைய கமாண்டு யாருடைய செக்டாரில் போய் விழும் என்று சொல்ல முடியாது. புது மெஷினாக இருந்தால் 1எஃப்0-வில் யாருமே இருக்க மாட்டார்கள், ஸ்டேட்டஸ் எஃப்எஃப் என்று வரும், அதோடு முடிந்தது. டிஸ்கின் செக்டாரைப் பச்சையாகப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் லினக்ஸில் டிஸ்க் டிவைஸையே ஒரு ஃபைல் போலத் திறந்து படிக்கலாம், போர்ட் எதற்கு?

பஸ் மாஸ்டர் டிஎம்ஏ

1990-களின் நடுவில் இண்டெலின் பிக்ஸ் சிப்போடு பரவிய வழி இது. கமாண்டு கொடுப்பது அதே பழைய போர்ட்டுகளில், 20-க்குப் பதில் சி8. டேட்டா மட்டும் சிபியூ கையைத் தொடாமல் கன்ட்ரோலரே நேராக மெமரியில் கொண்டுபோய்ப் போடும். எந்த இடத்தில் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுக்க வேண்டும், வரிக்கு 8 பைட், பிசிக்கல் முகவரி, எந்தப் பஃபரும் 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது. பிசிஐ-யில் கன்ட்ரோலரைத் தேடிப் பிடித்து பஸ் மாஸ்டர் பிட்டைப் போட மறந்தால் ஒன்றும் நகராது, பிழையும் வராது.

வித்தியாசம் எவ்வளவு என்பது எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். டிஎம்ஏ-வில் பிழைகள் சேரச் சேர விண்டோஸ் எக்ஸ்பி படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிஐஓ-வில் கொண்டு நிறுத்திவிடும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் செய்தவர்கள் எத்தனையோ பேர். கேபிளை மாற்றி, சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்திருந்தால் போதும்.

இன்றைக்கு இதை எழுதலாமா? நான் எழுதினேன், டிஎம்ஏ என்றால் என்ன என்று புரிந்தது, ஆனால் வேறு லாபம் இல்லை. இது ஓடும் மெஷின்கள் எல்லாம் போர்ட் வழி ஓடும் அதே பழைய மெஷின்கள். வேகம் வேண்டும் என்கிற அளவுக்கு உங்கள் கர்னல் வளர்ந்துவிட்டது என்றால் அந்த உழைப்பை அடுத்த வழியில் போடுங்கள்.

ஏஎச்சிஐ

சாட்டா டிஸ்க் இருக்கும் மெஷினில் ஓட வேண்டும் என்றால் இதுதான். 2004-இல் இண்டெல் கொண்டுவந்த இந்த முறையில் இன், அவுட் கட்டளைகளே இல்லை. ரெஜிஸ்டர்கள் எல்லாம் மெமரி முகவரியில் வந்து உட்கார்ந்திருக்கும், அந்த முகவரியை பிசிஐ-யில் கன்ட்ரோலருக்கு உள்ள ஆறாவது பார் (முகவரி ரெஜிஸ்டர், எண் 5) சொல்லும். ஒரு கன்ட்ரோலருக்கு 32 போர்ட் வரை, ஒரு போர்ட்டுக்கு ஒரே நேரத்தில் 32 கமாண்டு வரை. இங்கே போர்ட் என்றால் ஐஓ போர்ட் இல்லை, சாட்டா கேபிள் சொருகும் வாய். பெயர்க் குழப்பம் ஆரம்பத்தில் எல்லோரையும் ஆட்டிவைக்கும்.

வேலை என்னவென்றால், முன்பு நீங்கள் 1எஃப்2, 1எஃப்3 என்று ஒவ்வொன்றாக எழுதிய அதே எண்ணிக்கை, அதே செக்டார் எண், அதே கமாண்டு எல்லாவற்றையும் ஒரு 20 பைட் பொட்டலமாகக் கட்டி மெமரியில் வைத்து, எந்தப் பஃபர் என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒரு பிட்டைப் போட்டால் கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டு போய்விடும். போர்ட் வழியை எழுதியவருக்கு அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் பழகிய முகத்தைப் பார்த்தது போல இருக்கும். நேராக ஏஎச்சிஐ-யில் ஆரம்பித்தவருக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான்.

எனக்கு இதில் கஷ்டம் கொடுத்தது அலைன்மென்ட். கமாண்டு பட்டியல் 1024 பைட் எல்லையில், பதில் வந்து விழும் இடம் 256 பைட் எல்லையில், கமாண்டு டேபிள் 128 பைட் எல்லையில் இருக்க வேண்டும், எல்லாமே பிசிக்கல் முகவரி. ஒன்று தவறினாலும் டேட்டா வேறெங்கோ போய் விழும். எனவே பேஜ் ஒதுக்கும் கோடு ஒழுங்காக இல்லாத கர்னலில் ஏஎச்சிஐ-யைத் தொடவே கூடாது. போர்ட் டிரைவர் எனக்கு ஒரு மாலை, ஏஎச்சிஐ மூன்று வாரம்.

பழைய போர்டுகளில் பயாஸ் செட்டிங்கில் சாட்டா மோடை ஐடிஇ என்று மாற்றினால் சாட்டா டிஸ்கே பழைய போர்ட்டுகளில் பதில் சொல்லும். பின்னால் வந்த போர்டுகளில் அந்த வாய்ப்பே இல்லை. கியூஎமுவிலும் இரண்டையும் பார்க்கலாம்: மெஷின் வகை பிசி என்றால் ஐடிஇ, கியூ35 என்றால் ஏஎச்சிஐ. யாரோ கொடுத்த கட்டளையில் கியூ35 இருப்பதைக் கவனிக்காமல், போர்ட் டிரைவர் ஏன் எஃப்எஃப் தருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

மீதி வழிகள்

என்விஎம்இ பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். 2011-இல் வந்த புது முறை, பிசிஐ எக்ஸ்பிரஸில் நேராக உட்காரும் எஸ்எஸ்டி-க்காக. ஆனால் எழுதிப் பார்த்தால் ஏஎச்சிஐ-யைவிடச் சுத்தமாக இருக்கிறது, ஏனென்றால் 1984-ஐ அது சுமக்கவில்லை. 64 பைட் கமாண்டை ஒரு வரிசையில் வைத்து ஒரு ரெஜிஸ்டரில் தட்டினால், பதில் 16 பைட்டாக இன்னொரு வரிசையில் வரும். இப்போது வாங்கும் லேப்டாப்பில் ஓட வேண்டும் என்பது லட்சியம் என்றால், போர்ட் வழிக்கு அடுத்து ஏஎச்சிஐ-யைத் தாண்டி நேராக இதற்கே போகலாம்.

விர்ட்ஐஓ, எமுலேட்டர்களுக்கென்றே வடிவமைத்த டிஸ்க் முறை, எமுலேட்டருக்குள்ளேயே வாழப்போகும் கர்னலுக்கு. எக்ஸ்வி6-இன் ரிஸ்க்-5 சிபியூவுக்கான பதிப்பு இதைத்தான் பயன்படுத்துகிறது. நிஜ ஹார்டுவேரைப் பற்றி இது எதையும் சொல்லித்தராது. அதில் எனக்கு ஆர்வம் குறைவு, ஆனால் ஃபைல் சிஸ்டம்தான் உங்கள் ஆராய்ச்சி என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, டிஸ்கையே படிக்காமல் இருப்பது. கிரப் போன்ற பூட் லோடர் கர்னலோடு சேர்த்து ஒரு ஃபைலையும் மெமரியில் ஏற்றிக் கொடுக்கும். அதையே ரேம் டிஸ்காக வைத்து ஷெல், ஃபைல் திறப்பது, புரோகிராம் ஓட்டுவது எல்லாம் எழுதி முடிக்கலாம். எழுதியதைச் சேமிக்க முடியாது என்பது மட்டும்தான் குறை. கல்லூரிப் புராஜெக்டுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, டிஸ்க் டிரைவர் தலைப்பில் இல்லை என்றால், இதைவிட நல்ல வழி கிடையாது.

எதை எடுப்பது

கர்னல் எந்த மெஷினில் ஓடப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். கியூஎமு பிசி மட்டும் என்றால் போர்ட் வழி போதும், வருடக்கணக்கில் போதும். 2010 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் என்றால் சாட்டா மோடை ஐடிஇ ஆக்கி ஆரம்பித்து, ஏஎச்சிஐ-க்கு நகருங்கள். புது லேப்டாப் என்றால் போர்ட் டிரைவரை எமுலேட்டரில் பாடமாக எழுதிவிட்டு, என்விஎம்இ. எதை எடுத்தாலும் ஃபைல் சிஸ்டம் கோடுக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரே ஒரு வாசல் வையுங்கள்: எந்த டிஸ்க், எந்த செக்டார், எத்தனை, எந்தப் பஃபர். நான் போர்ட்டிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாறியபோது ஃபேட்32 ஃபைல் சிஸ்டம் கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

எழுதும் கமாண்டை (30) கடைசியாகச் சேருங்கள். முதலில் படிப்பது மட்டும். 0-ஆவது செக்டாரைப் படித்து 510, 511-ஆவது பைட்டில் 55 ஏஏ இருக்கிறதா என்று பாருங்கள். எழுத ஆரம்பித்த பிறகு, எழுதி முடித்ததும் இ7 கமாண்டு கொடுத்து டிஸ்கின் கேஷைக் காலி செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனால் எழுதியது போய்விடும்.

அந்த டெஸ்க்டாப் சம்பவத்துக்குப் பிறகு என் டிரைவரில் ஒரு பூட்டு போட்டிருக்கிறேன், இன்றுவரை எடுக்கவில்லை. தொடங்கும்போதே டிஸ்கிடம் இசி கமாண்டு கொடுத்து நீ யார் என்று கேட்கும். டிஸ்க் 512 பைட்டில் தன் ஜாதகத்தையே தரும். 27-ஆவது வேர்டிலிருந்து 46 வரை 40 எழுத்தில் மாடல் பெயர். ஒவ்வொரு வேர்டிலும் இரண்டு எழுத்தும் இடம் மாறி இருக்கும் என்பதால் கியூ, இ, எம், யூ என்று வர வேண்டியது இ, கியூ, யூ, எம் என்று வரும், திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். போர்ட் வழியிலும் ஏஎச்சிஐ-யிலும் இதே கமாண்டு, இதே பதில். அந்தப் பெயர் எமுலேட்டரின் பெயரில் ஆரம்பித்தால் மட்டும் எழுதும் ஃபங்ஷன் திறக்கும். வேறு எந்தப் பெயராக இருந்தாலும் பெயரையும் மொத்த செக்டார் எண்ணிக்கையையும் திரையில் காட்டிவிட்டு, நான் கீபோர்டில் மாடல் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கும்.